கடன் பின்னால் வரட்டும்

அந்தமானிலிருந்து ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணியின் பையில் ஏதேனும் ஒரு கைவினைப் பொருள் இருக்கும். அது தேங்காய்ச் சிரட்டையில் செய்த அகப்பையாக இருக்கலாம்; படாக் மரத்தில் கடைந்த கிண்ணமாக இருக்கலாம்; மூங்கில் தட்டாகவோ சிப்பி கோத்த விளக்காகவோ இருக்கலாம். ஸ்ரீ விஜயபுரம் என இப்போது பெயர் மாறியுள்ள போர்ட் பிளேரின் அபர்தீன் கடைத்தெருவிலும், அரசின் சாகரிகா விற்பனையகத்திலும், சுவராஜ் தீவின் படகுத்துறைக் கடைகளிலும் அவர் அதை வாங்கியிருப்பார். அதைச் செய்த கைகள் பெரும்பாலும் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் கைகள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர் வாழும் இத்தீவுகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ் என்பதால், அக்கைகளில் தமிழ்க் கைகளும் உண்டு.

இத்தகையோர் வங்கிக்கு வரும்போது கேட்கும் முதற்கேள்வி, "எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்பதுதான். கடன் பிரிவில் இருக்கும் எங்களுக்கும் அக்கேள்வி வசதியானதே. திட்டத்தின் உச்சவரம்பைச் சொல்லிவிட்டு விண்ணப்பத்தை நீட்டிவிடலாம். ஆயினும் கைத்தொழிலைப் பொறுத்தவரை அக்கேள்வி மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டியது என்பது என் கருத்து. மூலப்பொருள் எங்கிருந்து, எவ்வளவு வரும்? அது எப்போது காயும்? சரக்கு எந்த மாதத்தில் விற்கும்? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு கடன் தொகை தானாகவே தெரியும். அத்தொகை பெரும்பாலும் நாம் முதலில் நினைத்ததைவிடச் சிறியதாகவே இருக்கும்.

மூலப்பொருளிலிருந்து தொடங்குவோம். படாக் மரம் நம் ஊர் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் உறவு. இயற்கையாக அது வளர்வது அந்தமானில் மட்டுமே. 1883இல் தொடங்கிய சாத்தம் மர ஆலை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இம்மரத்தை அறுத்துத் தந்திருக்கிறது. மரத்துக்கு இங்கே எப்போதும் பஞ்சமில்லை என்ற எண்ணம் அதனால் வேரூன்றியது. 2002ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு தீவுக் காடுகளில் வணிக நோக்கிலான மரவெட்டைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. சங்குத் தொழிலுக்கு அதற்கு ஓராண்டு முன்பே இந்நிலை வந்துவிட்டது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 24 வகைச் சங்கு, சிப்பி இனங்கள் சேர்க்கப்பட்டன. முத்துப்போல் மின்னும் உட்புறத்துக்காகக் கைவினைஞர்கள் நம்பியிருந்த டிரோக்கஸ், டர்போ ஆகிய இரண்டும் அவற்றுள் அடக்கம்.

இக்கட்டுப்பாடுகள் சரியானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. காடும் கடலும் போன பிறகு தீவில் வேறென்ன மிஞ்சும்? நான் இங்கே சொல்ல வருவது தொழில் கணக்கு. ஒரே மூலப்பொருளை நம்பிப் பெரிய கடன் வாங்கி, பெரிய இயந்திரம் போட்டவர், அப்பொருள் நின்றதும் இயந்திரத்துக்கும் தவணை கட்ட வேண்டியிருக்கும். சிறு கருவிகளோடு இருந்தவர் சங்கை விட்டுச் சிரட்டைக்கு மாறலாம். மரத்தை விட்டு மூங்கிலுக்கு மாறலாம். சிறியதாக இருப்பதன் முதல் லாபம் இந்தத் திரும்பும் வசதி. இலாப நட்டக் கணக்கில் இதற்கென ஒரு வரி கிடையாது. வணிகவியல் படித்தவனாகிய எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றுகிறது.

இன்று புதிதாகத் தொடங்குவோருக்குச் சிரட்டையைத்தான் நான் முதலில் சொல்வேன். தேங்காய் தீவெங்கும் விளைகிறது. கொப்பரை எடுத்தபின் மிஞ்சும் சிரட்டை அடுப்புக்குப் போகும் பொருள். அதற்கு வன அனுமதி தேவையில்லை. ஒரு கைரம்பம், அரம், துளையிடும் கருவி, உப்புத்தாள், மெருகேற்றும் சிறு மோட்டார் ஆகியவை போதும். ஆனால் முற்றிய தேங்காயின் சிரட்டை வேண்டும். அது நன்கு காய்ந்திருக்கவும் வேண்டும்.

காய்வது என்பதுதான் அந்தமானில் பெரிய சொல். இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்து வருவதால், மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரையிலும் விட்டுவிட்டு நீளும். வெயிலை நம்பக்கூடிய மாதங்கள் நான்குதான். இந்த ஈரத்தில் அரைகுறையாகக் காய்ந்த மரத்தில் கடைந்த கிண்ணம் இங்கே அழகாகவே இருக்கும். வாங்கியவர் அதை டெல்லிக்கோ ஐதராபாத்துக்கோ கொண்டு சென்று வறண்ட காற்றில் வைத்தால் சில வாரங்களில் விரிசல் விடும். அந்த வாடிக்கையாளர் புகார் சொல்லித் திரும்பி வரப்போவதில்லை. இனி எதையும் வாங்காமல் இருந்துவிடுவார். மரம் காய எத்தனை மாதம் ஆகுமோ அத்தனை மாதம் காத்திருந்தாக வேண்டும். கடன் வாங்கியவருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை, அடுத்த மாதம் ஐந்தாம் தேதி தவணை வந்துவிடும் என்பதால்.

மழைக்கும் கைத்தொழிலுக்குமான இச்சிக்கல் அந்தமானுக்கு மட்டும் உரியதன்று. நாட்டின் மிகப் பெயர்பெற்ற கைத்தொழில் நிறுவனம் ஒன்று தன் முதல் ஆண்டிலேயே இதில் மாட்டிக்கொண்டது. 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், மும்பையின் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். கையில் இருந்தது சகன்லால் கரம்சி பாரேக் என்பவரிடம் கடனாகப் பெற்ற 80 ரூபாய். முதல் நாள் சரக்கு நான்கு பாக்கெட்டுகள். இன்று லிஜ்ஜத் என்று நாடறிந்த அப்பளத்தின் தொடக்கம் அது. மழைக்காலம் வந்தது, அப்பளம் காயவில்லை, நான்கு மாதம் தொழிலை நிறுத்தி வைத்தார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வாங்கியது ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து மழையிலும் காய வைத்தார்கள். முதல் ஆண்டின் விற்பனை 6,196 ரூபாய்.

அந்த ஏழு பேரின் கணக்கில் நான் வியப்பது அந்தக் கட்டிலைத்தான். முதல் மழைக்கு முன்பே உலர்த்தும் இயந்திரத்துக்காகப் பெரும் கடன் வாங்கியிருந்தால், தங்களுக்கு உண்மையில் தேவை எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நான்கு மாதம் நின்றதால் தெரிந்தது. தேவை தெரிந்த பிறகு, அந்த அளவுக்கே செலவு செய்தார்கள். தொடக்கத்தில் தரம் குறைந்த அப்பளத்தை மலிவாக விற்கும் எண்ணமும் அவர்களிடம் இருந்தது. தரத்தில் ஒருபோதும் இறங்க வேண்டாம் என்று தடுத்தவர் கடன் கொடுத்த பாரேக். கடன் கொடுப்பவர் பேச வேண்டிய பேச்சு அது. அவருடைய 80 ரூபாயும் திரும்பி வந்தது. இன்று அந்நிறுவனத்தில் 40,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்காளிகள்.

மும்பைப் பெண்களுக்கு ஆண்டு முழுவதும் வாங்குவோர் இருந்தார்கள். தீவில் அதுவும் இல்லை. சுற்றுலாப் பயணிகள் மிகுதியாக வருவது அக்டோபர் முதல் மே வரை; அதிலும் டிசம்பரும் ஜனவரியும்தான் கடைகள் நிறையும் மாதங்கள். ரங்கத் பக்கத்தில் சிரட்டைப் பொருள் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர், தொழில் எப்படிப் போகிறது என்று நான் ஜூலையில் கேட்டபோது சொன்ன பதில்: "மழையில நான் சரக்குச் செய்யிறவ சார், விக்கிறவ டிசம்பர்லதான்." நடைமுறை மூலதனம் என்று நாங்கள் பாடப்புத்தகத்தில் பல பக்கங்கள் படித்தது இவ்வளவுதான். மே முதல் செப்டம்பர் வரை பணம் வெளியே போகிறது. வார்னிஷ், உப்புத்தாள், பிடிக்கான மரம், பொதியட்டை ஆகியவற்றுக்குப் போகிறது. அவற்றில் பல சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடந்து வர வேண்டியவை. கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதமாகும். எனவே முன்கூட்டியே வாங்கி இருப்பு வைத்தாக வேண்டும். அக்டோபருக்குப் பிறகே பணம் உள்ளே வரத் தொடங்குகிறது. கடைக்காரர் விற்ற பிறகு தருவதாகச் சொன்னால் இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போகும்.

இந்த ஓட்டத்தின் மேல் சமமான மாதத் தவணையை வைத்துப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய் கடன், 5 விழுக்காடு வட்டி, 18 மாதம் என்றால், மாதத் தவணை 5,800 ரூபாயை ஒட்டி வரும். ஓர் அகப்பை 150 ரூபாய்க்கு விற்பதாகவும், பொருட்செலவும் கடைக்காரர் கழிவும் போக 80 ரூபாய் மிஞ்சுவதாகவும் வைத்துக்கொள்வோம். தவணைக்கு மட்டும் 73 அகப்பைகள் விற்க வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு எட்டு செய்வார் எனில், மாதத்தில் ஒன்பது நாள் உழைப்பு அதற்கே போய்விடும். டிசம்பரில் இது சுமையன்று. ஆகஸ்டில்? செய்தவை அலமாரியில் இருக்கும், வாங்க ஆளிருக்காது, தவணை மட்டும் தவறாமல் வரும். நகை அடகுக் கடைக்குப் போவது அந்த மாதத்தில்தான். மேலே சொன்ன கணக்கில் செய்பவரின் கூலியை நான் சேர்க்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலான கைவினைஞர்களும் சேர்ப்பதில்லை. வீட்டிலிருந்தபடி செய்வதற்கு என்ன கூலி என்கிறார்கள். அந்தக் கூலியைச் சேர்த்து விலை வைத்தும் பொருள் விற்கிறதா என்பதே தொழில் நிற்குமா என்பதற்கான சோதனை. அதைக் கடன் இல்லாத முதல் பருவத்திலேயே செய்து பார்த்துவிடலாம்.

அரசுத் திட்டங்களே இந்த நிதானத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை என்பது பலர் கவனியாத செய்தி. 2023 செப்டம்பர் 17இல் தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 18 கைத்தொழில்களுக்கு உரியது. தச்சர், படகு செய்பவர், கூடை, பாய், துடைப்பம் முடைவோர், கயிறு திரிப்போர், மீன்வலை பின்னுவோர் எனத் தீவுக்குப் பொருந்தும் தொழில்கள் அதில் பல. பயிற்சியும் கருவிகளுக்கென 15,000 ரூபாயும் உண்டு. அதன்பின் பிணையில்லாக் கடன் முதலில் ஒரு லட்சம் மட்டுமே. அதை ஒழுங்காகக் கட்டி, மின்னணுப் பரிவர்த்தனைக்கு மாறியோ மேற்பயிற்சி பெற்றோ இருந்தால்தான் அடுத்த இரண்டு லட்சம். 2015இல் வந்த முத்ரா திட்டத்திலும் சிசு, கிஷோர், தருண் என்று படிகள். 20 லட்சம் வரையிலான தருண் பிளஸ் என்ற படி, தருண் கடனை வாங்கிக் கட்டி முடித்தவர்களுக்கே உரியது. படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறார்கள். நாம்தான் ஏணி வைத்து நேரே மாடிக்கு ஏறப் பார்க்கிறோம்.

எந்தப் படியில் முதலில் கால் வைக்கிறோம் என்பதும் முக்கியம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கடந்த ஐந்தாண்டுகளுக்குள் கடன் பெற்றவர் விஸ்வகர்மா திட்டத்தில் சேர முடியாது. முத்ரா கடன் நிலுவையில் இருந்தாலும் முடியாது; அதை முழுவதும் கட்டி முடித்தவர் சேரலாம். யாரோ ஒரு தரகர் சொன்னார் என்று அவசரப்பட்டு ஒன்றில் கையெழுத்திட்டால், 5 விழுக்காட்டு வட்டிக்குரிய மற்றொரு கதவு அடைபடும். மானியம் பற்றியும் ஒரு தெளிவு தேவை. வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியத் தொகை உங்கள் கைக்கு வருவதில்லை. அது மூன்றாண்டுகள் வங்கியில் வைப்பாக நிற்கும். தொழில் நடப்பது நேரில் பார்த்து உறுதிசெய்யப்பட்ட பின்பே கடனில் கழிக்கப்படும். மானியம் எவ்வளவு என்று பார்த்து அதற்கேற்பத் திட்டச் செலவை ஊதிப் பெருக்குபவர்கள் இந்த மூன்றாண்டுகளை மறந்துவிடுகிறார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது திட்ட அறிக்கைக்கும் பொருந்தும்.

இதுவரை வாடிக்கையாளரை நோக்கிச் சொன்னேன். எங்கள் பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. மார்ச் மாதம் நெருங்க நெருங்க வங்கிக் கிளைகளில் இலக்கு என்ற சொல் அதிகம் கேட்கும். 50,000 ரூபாய் போதும் என்று வந்தவரிடம் "ஐந்து லட்சமாகவே வாங்கிக்கொள்ளுங்களேன்" என்று சொல்லத் தூண்டும் மாதம் அது. அப்படிச் சொல்லப்பட்டால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தேவைக்கு மேல் ஒப்புதலான கடனைக் குறைத்து வாங்குவதில் இழிவு ஒன்றுமில்லை.

இதைவிடப் பெரிய குறை தவணை அமைப்பில் இருக்கிறது. பயிர்க்கடன் அறுவடையை ஒட்டித் திருப்பிச் செலுத்தப்படுகிறது. குறுகிய காலப் பயிராயின் இரண்டு பருவங்கள், நீண்ட காலப் பயிராயின் ஒரு பருவம் நிலுவையில் நின்ற பின்பே அது வாராக்கடன் ஆகும். சிரட்டை அகப்பைக்கான தவணைக் கடனோ 90 நாட்களைத் தாண்டினாலே வாராக்கடன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்று மழை மாதங்கள் தவறினால் ஒருவரின் கடன் வரலாறே கறைபட்டுவிடும். நெல்லுக்குப் பருவம் உண்டென்று ஒப்புக்கொள்ளும் நாம், சுற்றுலாவை நம்பும் தீவுக் கைத்தொழிலுக்கும் பருவம் உண்டென்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தமான் நிக்கோபாரில் கைவினைக் கடன்களுக்கு நவம்பர் முதல் மே வரை கூடுதலாகவும் மழை மாதங்களில் வட்டி மட்டுமாகவும் தவணை வைப்பதைப் பொது நடைமுறையாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதனால் வங்கிக்கு நட்டமில்லை. ஆகஸ்டில் நகையை அடகு வைத்துக் கட்டும் தவணையால் வங்கிக்கு வரும் நன்மைதான் என்ன?

அது பொது நடைமுறையாகும் வரை நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. தவணை அட்டவணையை வருமானத்துக்கு ஏற்ப அமைக்கும்படி ஒப்புதலுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். கடன் தொடங்கிய பிறகு, கட்ட முடியாத நிலையில் கேட்டால் அது மறுசீரமைப்பு என்ற கணக்கில் சேர்ந்து, வேறு சிக்கல்களைக் கொண்டுவரும். இரண்டாவது, இருப்பு வாங்குவதற்கான பணத்தைத் தவணைக் கடனாக வாங்காதீர்கள். ரொக்கக் கடன் கணக்காகக் கேளுங்கள். முத்ராவிலும் அதற்கு வழியுண்டு. எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டுமே வட்டி. டிசம்பரில் விற்ற பணத்தைப் போட்டுவிட்டால் வட்டி அங்கேயே இறங்கும். மே மாதம் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சந்தையும் முன்புபோல் இல்லை. 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. ரங்கத், ஹட் பே, கமோர்ட்டா, கார் நிக்கோபார், கேம்ப்பெல் பே வரை அது எட்டுகிறது. அதற்குமுன் ஒரு புகைப்படம் அனுப்பவே காத்திருந்த இடங்களில் இன்று க்யூஆர் குறியீட்டை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஊர் திரும்பிய பயணி பிப்ரவரியில் கைப்பேசியில் அழைத்து இன்னும் ஆறு கிண்ணம் கேட்கிறார். இத்தகைய மறுபடி வரும் ஆறு கிண்ணங்கள்தான் தொழிலின் உண்மையான வளர்ச்சி. சுற்றுலாப் பருவம் முடிந்தபின் வருவதால் அவற்றின் மதிப்பு இரட்டிப்பு.

ஆபத்தும் அதே கைப்பேசியில்தான் வருகிறது. பெருநகர விடுதி ஒன்று, ஒரு மாதத்தில் ஆயிரம் அகப்பை வேண்டும் என்கிறது. நாளுக்கு எட்டு செய்பவருக்கு அது 125 நாள் வேலை. ஆயிரத்தையும் ஒப்புக்கொண்டு, பக்கத்து வீட்டாரிடம் பயிற்சியின்றிப் பகிர்ந்து கொடுத்து, பாதியைக் காயாத சிரட்டையில் செய்து அனுப்பினால் அதோடு பெயர் போயிற்று. ஒரு மாதத்தில் இருநூறு தருகிறேன், முன்பணம் பாதி வேண்டும், மீதியை நான்கு மாதங்களில் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். சிலர் போய்விடுவார்கள். தங்குபவருடன் தொழில் செய்யலாம்.

கடனுக்கு எப்போது வருவது என்று கேட்டால், ஏப்ரல் இரண்டாம் வாரம் என்பேன். சுற்றுலாப் பருவத்தின் பெரும்பகுதி முடிந்து, எது விற்றது, எது அலமாரியிலேயே நின்றது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழைக்கு முன் சிரட்டை வாங்கிக் காய வைக்க இன்னும் சில வாரங்கள் இருக்கும். பன்னிரண்டு மாதக் கணக்கு அறிக்கை, எந்த மாதம் எத்தனை விற்றது என்று எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டு, நீங்கள் செய்ததில் ஒரு பொருள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். மார்ச் முடிந்துவிட்ட நிம்மதியில் அவற்றைப் பொறுமையாகப் புரட்டிப் பார்க்க எங்களுக்கும் அப்போது நேரம் இருக்கும்.